நான் போட்ட அவள் கையெழுத்து

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை பாதி வேலை செய்யுமாம், மீதியை இது செய்யுமாம். "கோவம் வந்தா கைக்குக் கெடைச்சதைத் தூக்காதீங்க, பேனாவைத் தூக்குங்க" என்றார். அவர் எதைக் குத்திக் காட்டுகிறார் என்று எனக்குத் தெரியாதா? மாநிலத்துக்கே தெரியும்.

நாச்சிமுத்து ஆகிய நான் இந்தக் கீழப்பாளையூர்த் தொகுதிக்கு இரண்டு முறை எம்.எல்.ஏ. இரண்டாம் முறை பாதியிலேயே ஓர் ஆய்வுக் கூட்டத்தில் குடிநீர் வாரிய என்ஜினீயர் என்னிடம் திமிராகப் பேசினார். நான் நாற்காலியைத் தூக்கி எறிந்தேன். பிளாஸ்டிக் நாற்காலிதான். தோளில் பட்டு எகிறி விழுந்தது, அவ்வளவுதான். அதை யாரோ செல்போனில் எடுத்துவிட்டான். இரண்டு வருடம் தண்டனை. மேல்முறையீடு நடக்கிறது, நான் ஜாமீனில் இருக்கிறேன். ஆனால் பதவி போய்விட்டது, தேர்தலில் நிற்கவும் தடை.

கட்சி என்னைக் கைவிடவில்லை. இடைத்தேர்தலில் என் மனைவி சாந்தாமணிக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். சுவரொட்டியில் என் படம் பெரிது, அவள் படம் மூலையில். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தேன். ஜெயித்தோம். அன்றிலிருந்து பெயர் அவளுடையது, வேலை என்னுடையது. மனு வாங்குவது, பரிந்துரைக் கடிதம் கொடுப்பது, காதுகுத்துக்குப் போவது எல்லாம் நான். எதிர்வீட்டு ஓரத்தில் டீக்கடை வைத்திருக்கும் மயில்சாமி தினமும் முதல் டீயை எனக்குத்தான் கொண்டுவருவான். "எம்.எல்.ஏ., டீ ஆறுதுங்க" என்பான். அந்தக் குரலைக் கேட்டால்தான் எனக்கு விடியும்.

டாக்டர், இன்றைக்கு இது போதும்.

ஜூன் 4, புதன்

கெரகம் பிடித்த நாள். காலையில் என் உதவியாளன் கார்மேகம் பேப்பரை விரித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"அண்ணா, சட்டம் அமலுக்கு வந்துருச்சுங்ணா. எம்.எல்.ஏ. எல்லாரும் குடிமையியல் பரீட்சை எழுதோணுமாம். நூத்துக்கு அம்பது எடுக்கோணும். ரெண்டு தடவை கோட்டை விட்டா பதவி காலி."

"எந்த மடையன்டா இதுக்கு ஓட்டுப் போட்டான்?"

"எல்லாருந்தானுங்ணா."

விசாரித்தேன். கூட்டத்தொடரின் கடைசி நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வரிசையாக மசோதாக்கள். இதன் பெயர் 'குடிமையியல் அறிவுத் தகுதித் தேர்வு மசோதா'. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். நம் கட்சி மேசையைத் தட்டியது. வெளிநடப்புச் செய்து கேன்டீனில் உட்கார்ந்திருந்த எதிர்க்கட்சிக்காரர்கள், பிள்ளைகள் விஷயமாயிற்றே என்று ஓடிவந்து அவர்களும் தட்டினார்கள். சாந்தாமணிக்கு நான் போனில் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: எல்லோரும் 'ஆம்' என்றால் நீயும் 'ஆம்' என்று சொல். சொன்னாளாம்.

ஒன்றியச் செயலாளர் தம்பிராஜ் பத்து மணிக்கே போன் செய்துவிட்டான். "அண்ணிக்குச் சிரமமா இருக்குமேன்னு நெனைச்சனுங்க" என்றான். அடுத்த இடைத்தேர்தலில் தானே நிற்பதாகக் கனவு காண்கிறான். என்னாலும் நிற்க முடியாது, அவளும் போய்விட்டால் சீட்டு நேராக அவன் மடியில்தான் விழும். அதற்குப் பிறகு மயில்சாமியின் முதல் டீ எந்த வாசலுக்குப் போகும்?

அவளைப் பாஸாக்கியே தீர வேண்டும். நானே சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

ஜூன் 9, திங்கள்

கார்மேகம் வழிகாட்டிப் புத்தகமும் மாதிரி வினாத்தாளும் வாங்கிவந்தான். சொல்லிக்கொடுப்பவனுக்கு முதலில் பாடம் தெரிய வேண்டும் அல்லவா, நானே எழுதிப் பார்த்தேன்.

அமைச்சரவை யாருக்குப் பொறுப்பு என்று ஒரு கேள்வி. 'தலைவருக்கு' என்று எழுதினேன். சட்டமன்றத்துக்காம். சபாநாயகர் ராஜினாமாக் கடிதத்தை யாரிடம் கொடுப்பார்? அதற்கும் 'தலைவரிடம்' என்றேன். துணை சபாநாயகரிடமாம். ஏழு வருடத்துக்கும் மேலாக அந்தச் சபையில் உட்கார்ந்து எழுந்தவன் நான், நடப்பதைத்தானே எழுத முடியும்? புத்தகம் எழுதியவன் ஒருநாளாவது உள்ளே வந்திருக்கிறானா?

கார்மேகம் திருத்தினான். இருபத்தொன்பது. பேனா சரியாக எழுதவில்லை.

அதே தாளைச் சாந்தாமணியிடம் கொடுத்தேன். குக்கர் விசில் அடிக்க அடிக்க, சமையல் மேடையில் வைத்தே எழுதினாள். கார்மேகம் எழுபத்துநான்கு என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பக் கூட்டச் சொன்னேன். கூட்டினான். எழுபத்தாறு வந்தது. மூன்றாம் முறை கூட்டச் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

கோபம் வந்தது. பேனாவைத் தூக்கினேன். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகூட ஒருத்தனை நிம்மதியாக இருக்க விடமாட்டார்கள். கல்லாங்காட்டுப்புதூரிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். பிரச்சினை ரேஷன் கடை. அவர்கள் ஊருக்குள் ஓடு வேய்ந்த கட்டிடத்தில் இருந்ததை, பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தம்பிராஜின் காம்ப்ளக்ஸுக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். டைல்ஸ் போட்ட தரை, ரோலிங் ஷட்டர். நல்லது செய்தால்கூட இந்தக் காலத்தில் பொல்லாப்புத்தான். தம்பிராஜும் அப்போது என்னைப் பற்றி மேலிடத்தில் ஏதேதோ மொட்டைக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தான், கடை அவன் காம்ப்ளக்ஸுக்குப் போனபிறகு நிறுத்திவிட்டான். எல்லோருக்கும் நன்மை.

வெள்ளையம்மா என்றொரு கிழவி அரிசி மூட்டையோடு பைபாஸைக் கடக்கும்போது பைக்கில் வந்த ஒருத்தன் இடித்துக் கால் முறிந்துவிட்டதாம். தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய் ஆப்பிள் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டேனே.

"கடையை மாத்தச் சொல்லி அக்காதானுங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க? தாலுகா ஆபீசுல கடுதாசியக் காட்டுனாங்க. அக்காவக் கூப்புடுங்க, ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுப் போறோம்" என்றாள் அவர்களில் ஒருத்தி.

கார்மேகம் நான் பழக்கியபடி சொன்னான்: "அக்கா சென்னை போயிருக்காங்க. டீ சாப்புட்டுப் போங்க."

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்து நின்றுவிட்டது. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ராத்திரி சட்னி இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

சாப்பிடும்போது சாந்தாமணி பேச்சை எடுத்தாள். "ஏனுங் மாமா, சபையில சொல்லாம கொள்ளாம அறுபது நாள் போகாட்டி எம்.எல்.ஏ. பதவியே பறிபோயிருமாமே. தெரியுமுங்களா?"

"யாரு சொன்னா?"

"அரசியலமைப்புச் சட்டம் சொல்லுதுங்."

போன கூட்டத்தொடரில் நம் ஒறம்பரை சொந்தங்கள் வீட்டுக் கல்யாணம் இரண்டுக்கும் ஒரு கிரகப்பிரவேசத்துக்கும் அவளை ஊரிலேயே நிறுத்திக்கொண்டது ஞாபகம் வந்தது. "அதெல்லாம் சும்மா எழுதி வெச்சிருப்பாங்க" என்றேன்.

"அப்புறமுங், எந்த உறுப்பினரா இருந்தாலும் அமைச்சர்கிட்டக் கேள்வி கேக்கலாமாம். எழுதிக் குடுத்தாப் போதுமாம். நானுங் குடுக்கலாமுங்களா?"

தாராளமாகக் கொடுக்கலாம் என்றேன். எழுதி என்னிடம் கொடு, நான் பார்த்துத் திருத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன்.

அவள் ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். மனைவிக்கு இவ்வளவு சுதந்திரம் கொடுக்கிற ஆள் இந்தப் பக்கத்தில் எவன் இருக்கிறான்?

ஜூன் 27, வெள்ளி

தேர்வு நுழைவுச் சீட்டு வந்தது. அவள் போட்டோ, கீழே கையெழுத்து. அதற்குக் கீழே தடித்த எழுத்தில்: 'உறுப்பினர் தேர்வுக்கூடத்தில் விண்ணப்பத்தில் உள்ளவாறே கையொப்பமிட வேண்டும். மாறினால் விடைத்தாள் செல்லாது.'

கார்மேகம் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். விண்ணப்பத்தை நிரப்பியவன் அவன், கையெழுத்துப் போட்டவன் நான். மற்ற எல்லாவற்றிலும் போடுகிற மாதிரியே, பழக்கதோஷத்தில் போட்டுவிட்டேன்.

அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெயித்த அன்று ராத்திரி உட்கார்ந்து நானே உருவாக்கியது. முதலில் பெரிய சுழி, அதற்குள் 'சாந்தாமணி', கடைசியில் கோடு வளைந்து மேலே போய் 'நாச்சிமுத்து' என்று முடியும். பார்த்தாலே அமைச்சர் கையெழுத்து மாதிரி இருக்கும். அவளாகப் போடும் கையெழுத்து பால் சொசைட்டி அட்டையில் போடுகிற மாதிரி, உருண்டை உருண்டையாக, வெறும் பெயர். பதவி ஏற்றபோது சட்டமன்றப் பதிவேட்டிலும் அதைத்தான் போட்டுவைத்தாள். எனக்கு அன்றே மானம் போயிற்று.

சீட்டை அவளிடம் காட்டினேன்.

"இது யாரு கையெழுத்துங்?"

"உன்னுதுதான்."

"நாம் போடலையே."

"நீ போடல. ஆனா உன்னுது."

அந்தச் சுழியை விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "செரிங்" என்றாள். அவள் 'செரிங்' என்றால் பல அர்த்தம் உண்டு. நான் எப்போதும் நல்ல அர்த்தத்தையே எடுத்துக்கொள்வேன்.

ஜூலை 1, செவ்வாய்

இன்றிலிருந்து பாடம் மாறுகிறது. அரசியலமைப்பை அவள் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு அவள் கையெழுத்தைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

எளிதல்ல. சுழி போடச் சொன்னால் முறுக்குச் சுற்றுகிறாள். "தைரியமா இழு புள்ள, அதிகாரம் தெரியோணும்" என்கிறேன். கோடு மேலே ஏறாமல் பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு ரீம் பேப்பரில் பாதி போய்விட்டது. கார்மேகம் ஒரு தடவை போட்டுக் காட்டினான், அப்படியே அச்சாக இருந்தது. அவன் எப்போது பழகினான் என்று கேட்டேன். "நீங்க காதுகுத்துக்குப் போற நாள்ல அவசரத்துக்குங்ணா" என்றான்.

திருட்டுப் பயல். என் கையெழுத்தை, அதாவது அவள் கையெழுத்தை, இவன் போட்டுக்கொண்டிருக்கிறான். யாரைத்தான் நம்புவது?

ஜூலை 8, செவ்வாய்

இன்று சுழி நன்றாக வந்தது. கோடும் வளைந்தது. என்னுடையதையும் அவளுடையதையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. மகிழ்ச்சியில் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

அவள் பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்: "இந்தச் சுழி எத்தனை கடுதாசில இருக்குதுங் மாமா?"

"யாரு எண்ணுனா?"

"கல்லாங்காட்டுப்புதூர் ரேஷன் கடைக் கடுதாசிலயும் இதானுங்களே?"

"பரீட்சைக்கு நாலு நாள்தான் இருக்குது. இப்ப எதுக்கு ரேஷன் கடை?"

அவள் விடவில்லை. "நானும் அதேமாதிரி போடப் பழகியாச்சு. நாளைக்கு ஒருத்தர் வந்து இது யார் போட்டதுன்னு கேட்டா, நான் போட்டதில்லைன்னு சொல்ல முடியாதுங்களே."

"அதுதான் வசதியே" என்றேன். சட்டென்று வாயில் வந்துவிட்டது.

எழுந்து பேப்பரையெல்லாம் அடுக்கினாள். போகிறபோது இன்னொன்று சொன்னாள். அந்த மசோதாவை அவள் படித்துவிட்டுத்தான் 'ஆம்' சொன்னாளாம். மத்தியானம் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது வேறு வேலை இல்லாமல் முழுதும் படித்தாளாம். பிள்ளைகளுக்கு இல்லை, தங்களுக்குத்தான் என்று தெரியுமாம்.

"அப்பவே ஒரு வார்த்தை எனக்குப் போன் பண்ணியிருக்கலாமல்ல?"

"பண்ணியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்."

அதில் என்ன சந்தேகம்.

ஜூலை 12, சனி

சென்னை. தேர்வு நாள். இதை லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தேர்வு மையம் ஒரு கல்லூரி. வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால் பிளஸ் டூ பரீட்சை தோற்றுவிடும். பெண் எம்.எல்.ஏ.க்களின் கணவர்கள், அண்ணன்கள், ஒரு மாமனார். ஆண் எம்.எல்.ஏ.க்களின் உதவியாளர்கள். எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், சாமி பிரசாதம். வடக்கு மாவட்டத்துக்காரர் ஒருவர் மனைவியின் நெற்றியில் விபூதி பூசி, "தெரியாத கேள்விக்கெல்லாம் விடை 'இ'ன்னு போட்டுட்டு வந்துரு" என்று அனுப்பினார். மூன்று முறை மந்திரியாக இருந்த பெரிய மனிதர் ஒருவர் உள்ளே போக மறுத்துக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேரன் வந்து சமாதானப்படுத்திக் கூட்டிப் போனான்.

கணவர்களெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்தோம். ஒருவரையொருவர் 'எம்.எல்.ஏ.' என்றே அழைத்துக்கொண்டோம். "உங்க தொகுதி எம்.எல்.ஏ. நல்லாப் படிச்சிருக்காங்களா?" என்று ஒருவர் கேட்டார். அவர் என்னைப் பற்றிக் கேட்கிறாரா, அவளைப் பற்றிக் கேட்கிறாரா என்று தெரியாமல் "சுமாருங்க" என்றேன்.

எல்லோரும் வெளியே வந்து கால் மணி நேரம் கழித்துத்தான் சாந்தாமணி வந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

காரில் ஏறியதும் கேட்டேன். "சுழி நல்லா வந்துச்சா?"

"போடலைங்."

"என்னது?"

"என்ர கையெழுத்தைப் போட்டேன். மாறுதேன்னு மேற்பார்வையாளர் வந்தாரு. பெரிய அதிகாரியும் வந்தாரு. விண்ணப்பத்துல இருக்கறது என்ர வீட்டுக்காரரு போட்டது, இதுதான் என்னுதுன்னு சொன்னேன். அதை எழுதிக் குடுங்கன்னாங்க. எழுதிக் குடுத்தேன். சட்டமன்றப் பதிவேட்டோட ஒத்துப் பாத்துட்டு முடிவு பண்றோம், இப்ப எழுதுங்கன்னாங்க. எழுதிட்டேன்."

கை எதையோ தேடியது. காரில் தூக்குவதற்கு நாற்காலி இல்லை.

"எனக்கு ஏற்கெனவே ரெண்டு வருசம் தலைக்கு மேல தொங்குது. ஃபோர்ஜரி கேஸும் வந்தா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? படிச்சியல்ல?"

"தெரியுமுங்."

"தெரிஞ்சேவா?"

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். "நான் இன்னைக்கு அந்தச் சுழியைப் போட்டிருந்தா, நீங்க இதுவரைக்கும் போட்ட அத்தனையும் நாம் போட்டதாயிருமுங் மாமா. அந்த வெள்ளையம்மா காலு ஒடைஞ்சதுக்கும் நாங் கையெழுத்துப் போட்ட மாதிரி. அது என்னால ஆகாதுங். உங்களுக்குக் கேஸ் வந்தா நானே கூட நிக்கறேன். சுழி மட்டும் போட மாட்டேன்."

கார் ஓட்டிய கார்மேகம் ரேடியோவைப் போட்டான். அணைக்கச் சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஊர் வந்து சேர்ந்தோம். பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது இருபத்தெட்டு வருடப் பழக்கம், எனக்குத்தான் புதிது.

ஜூலை 28, திங்கள்

முடிவு வந்தது. பாதிக்குப் பாதி ஃபெயில். மந்திரிகள் சிலரும் உண்டு, டி.வி.க்காரர்களுக்குத் தீபாவளிதான். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவர் ஐம்பத்தொன்று.

சாந்தாமணியின் கையெழுத்து பதிவேட்டோடு ஒத்துப்போனதாம். எண்பத்துமூன்று மார்க். நம் மாவட்டத்திலேயே முதல்.

பட்டாசு வெடிக்கச் சொன்னேன். தொண்டர்கள் வந்து மாலையை என் கழுத்தில் போட்டார்கள். சாந்தாமணி வாசலுக்கு வந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், என் கழுத்தைப் பார்த்தார்கள். நானே கழற்றிக் கொடுத்தேன். கழற்றும்போது தலைமுடியில் சிக்கிக்கொண்டது.

எண்பத்துமூன்று. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை எழுத வெட்கம் இல்லை. பெருமைக்குப் பின்னாலேயே, அப்படியானால் விண்ணப்பத்தில் இருப்பது யார் கையெழுத்து என்று கேட்பார்களே என்ற நினைப்பும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எனக்கு விசாரணை நோட்டீஸ் வந்துவிட்டது. தேர்வு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டதற்கு விளக்கம் கேட்டு. கூடவே இன்னொன்றும் நடந்திருக்கிறது. அந்தச் சுழி உள்ள எந்தக் கடிதமும் தன்னுடையது அல்ல என்று சாந்தாமணி கலெக்டருக்கு எழுதிவிட்டாள். ரேஷன் கடையைப் பழைய இடத்துக்கே திருப்பச் சொல்லி அதிகாரிகள் ஷட்டரை மூடிவிட்டார்கள். தம்பிராஜ் போனில் என்னைப் பேசிய பேச்சை எழுதினால் பேனா கருகிவிடும். மொட்டைக் கடிதம் மறுபடியும் ஆரம்பமாகும்.

வக்கீலிடம் போனேன். சொன்னார்: "இது உங்க சம்சாரம் கையில இருக்குங்க. பாதிக்கப்பட்டவங்க எம்.எல்.ஏ.தான், அவங்களே புகார் குடுக்க விரும்பலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்கன்னா, எச்சரிக்கையோட முடிய வாய்ப்பிருக்கு."

"ராத்திரி வீட்டுல கேட்டு வாங்கிக்கறேன்."

"வீட்டுல வேண்டாம். முறைப்படி எம்.எல்.ஏ. அலுவலகத்துல மனுவாக் குடுங்க. இல்லாட்டி மிரட்டி வாங்குனீங்கன்னு அதுக்கு வேற கேஸ் போடுவாங்க."

எம்.எல்.ஏ. அலுவலகம் என்றால் என் வீட்டு முன்ஹால்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இப்போதெல்லாம் மனு நாள் திங்கட்கிழமை. சாந்தாமணி வைத்த முறை. டோக்கன் உண்டு, வரிசை உண்டு, ஒவ்வொரு மனுவையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து. கூட்டம் தெருவரைக்கும் நிற்கிறது.

குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு படுக்கையறையிலிருந்து முன்ஹாலுக்கு வந்தேன். கார்மேகம் கண்ணைப் பார்க்காமல் டோக்கனை நீட்டினான். "வரிசையில வாங்ணா. அக்கா சொல்லியிருக்காங்க" என்றான். என் வீட்டில், நான் வாங்கிப்போட்ட பெஞ்சில், வாய்க்கால் தகராறுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

என் முறை வந்தது. அவள் மனுவை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"பேருங்?"

"விளையாடறியா?"

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதானுங்."

"நாச்சிமுத்து."

படித்தாள். வரிவரியாக விரலை வைத்துப் படித்தாள். மூன்றாம் வரியில் விரல் நின்றது. "'மனைவி சொல்லியதன் பேரில் கையொப்பமிட்டேன்'னு இருக்குது. நாஞ் சொன்னனுங்களா?"

"வக்கீல் அப்படிப் போட்டா நல்லாயிருக்கும்னாரு."

"உங்களக் கேக்கறேன் மாமா. நாஞ் சொன்னனா?"

ஹால் முழுக்கக் காது.

"இல்ல" என்றேன்.

"அப்ப அதை அடிச்சுப்போட்டு நடந்ததை எழுதிட்டு வாங். நடந்ததை எழுதினா நாங் கையெழுத்துப் போடறேன். மறுபடி வரிசையிலதான் வரோணும்."

கடைசிக்குப் போய் உட்கார்ந்தேன். முழங்காலில் தாளை வைத்து அந்த வரியை அடித்தேன். 'மனைவியைக் கேட்காமல் கையொப்பமிட்டேன்' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் அது அரைகுறையாக இருந்தது. 'ஒருமுறையும் கேட்டதில்லை' என்று சேர்த்தேன். எண்பத்துமூன்று மார்க் வாங்கும் தலை பக்கத்திலேயே இருந்தும், எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. அதை மனுவில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அப்போது வெள்ளையம்மா கோலை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தாள். கடை திரும்பி வந்ததற்கு அக்காவுக்குக் கும்பிடு போட வந்தாளாம். பெஞ்சில் இடமில்லை. நான் எழுந்து மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கினேன்.

ஹாலே விறைத்துவிட்டது. கார்மேகம் "அண்ணா வேண்டாமுங்ணா!" என்று பாய்ந்து வந்தான். ஒருவர் செல்போனையே எடுத்துவிட்டார்.

நாற்காலியைக் கிழவி பக்கத்தில் வைத்தேன். உட்கார்ந்தாள். உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ குடுத்த ஆப்பிள் மாவாட்டம் இருந்துச்சு தம்பி" என்றாள்.

மத்தியானத்துக்கு மேல் மறுபடி என் முறை வந்தது. சாந்தாமணி திரும்பவும் முதல் வரியிலிருந்து படித்தாள். புதிதாக எழுதிய இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கீழே கையெழுத்துப் போட்டாள். உருண்டை உருண்டையாக, வெறும் 'சாந்தாமணி'. யாராலும் வாசிக்க முடியும். தாளை என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மயில்சாமி டம்ளரோடு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தான். "எம்.எல்.ஏ., டீ ஆறுதுங்க" என்றான், என்னைப் பார்த்துத்தான்.

கை நீண்டுவிட்டது. இழுத்துக்கொண்டேன்.

"எம்.எல்.ஏ. உள்ள இருக்காங்க" என்றேன்.

அவன் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு டம்ளரோடு என்னைத் தாண்டி உள்ளே போனான்.